ஏப்ரல் மழையும் காப்பிப் பூவும்: கொல்லிமலையில் இருந்து ஆங்கில இலக்கியம் படிக்கப் போனால்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்ததையும் தயக்கங்களையும் நீக்கிவிட்டு, படிக்க வசதியாகக் கொஞ்சம் சீர்செய்திருக்கிறோம்.)

இந்த வாரம் வேற ஒரு டாபிக் பேசறதாத்தான் இருந்தது. ஞாயித்துக்கிழமை ராத்திரி ஊர்ல இருந்து ஒரு போன் வந்துச்சு, திட்டம் மாறிடுச்சு.

கூப்பிட்டது சித்தி பொண்ணு. பன்னிரண்டாவது முடிச்சிருக்கா, தமிழ் மீடியம். ஊர் எடப்புளி நாடு. கேள்விப்படாதவங்களுக்கு: கொல்லிமலையில மொத்தம் 14 நாடு இருக்கு. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, வாழவந்தி நாடு, சேளூர் நாடு அப்படின்னு. அதுல ஒண்ணுதான் எங்க நாடு. நாடுன்னா தேசம் இல்ல, ஊர்களோட ஒரு தொகுப்பு.

"அக்கா, காலேஜ் பாரம் வெள்ளிக்கிழமைக்குள்ள போடணும். வீட்ல நர்சிங் போன்னு சொல்றாங்க. எனக்கு பி.ஏ. இங்கிலீஷ் எடுக்கணும்னு ஆசை. எடுத்தா எனக்குப் புரியுமா? இல்ல மூணு வருஷமும் மனப்பாடம்தானா?"

நான் உடனே "எடு பாப்பா, புரியும்"னு சொல்லியிருக்கலாம். வாய் வரல. ஏன்னா முதல் வருஷம் எனக்குப் புரியல. ரெண்டாவது செமஸ்டர்ல பெட்டியைக் கட்டிக்கிட்டு வீட்டுக்கே போயிட்டேன். அதனால "ரெண்டு நாள் டைம் குடு, யோசிச்சுச் சொல்றேன்"ன்னு வச்சிட்டேன். அந்த யோசனைதான் இந்த எபிசோட்.

முதல்ல என் கதை. காரவள்ளியில இருந்து சோளக்காடு வரைக்கும் 70 கொண்டை ஊசி வளைவு. வண்டியில வர்ற டூரிஸ்டுகளுக்கு அது போட்டோ எடுக்குற இடம். எனக்கு அது கல்லூரிக்குப் போற பாதை. சேலம் பக்கம் ஒரு கல்லூரியில சீட் கிடைச்சது. அப்பா அந்த வருஷ மிளகை வித்துத்தான் பீஸ் கட்டினார். எங்க வீட்ல அதுவரைக்கும் யாரும் கல்லூரி வாசலை மிதிச்சதில்ல.

ஹாஸ்டல்ல முதல் நாளே ஒரு காமெடி. சாதிச் சான்றிதழ்ல 'மலையாளி'ன்னு இருக்கும். எங்க பழங்குடியோட பேர் அது, மலையை ஆள்றவங்கன்னு பொருள் சொல்லுவாங்க. ரூம்மேட் அதைப் பார்த்துட்டு, "ஓ, கேரளாவா? ஓணத்துக்கு லீவு போடுவியா?"ன்னு கேட்டா. மூணு வருஷமும் இந்த விளக்கத்தைக் குடுத்துக்கிட்டே இருந்தேன். எங்க பெரியவங்க சொல்ற கதைப்படி எங்க முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கம் இருந்து மலையேறினவங்க. நாங்க பேசறது தமிழ்தான்.

வகுப்புல காமெடி இல்ல. முதல் வாரம் எழுந்து நின்னு என்னைப் பத்திப் பேசச் சொன்னாங்க. நான் ஸ்கூலை 'இஸ்கூல்'னு சொன்னேன். சிரிப்பு. பாடம் நடத்துனவரும் சிரிச்சார். அதுக்கப்புறம் ரெண்டு மாசம் வாயே திறக்கல. பின்னாடிதான் மொழியியல் பேப்பர்ல படிச்சேன்: தமிழ்ல ஒரு சொல் எந்த எழுத்துல தொடங்கலாம்னு தொல்காப்பியமே விதி சொல்லுது. சொல்லோட தொடக்கத்துல ரெண்டு மெய் சேர்ந்து நிக்காது. அதனால நம்ம நாக்கு முன்னாடி ஒரு 'இ' போட்டுக்கும். ஸ்பானிஷ்காரங்களும் இதேதான் பண்றாங்க, அவங்க ஸ்கூலுக்குச் சொல்ற சொல்லே 'எஸ்குவேலா'. ஒரு முழு தேசமே இஸ்கூல்னு சொல்லுது, அவங்களை யாரும் சிரிக்கல. இதை அந்த முதல் வாரமே யாராவது சொல்லியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்.

சரி, ஏன் புரியல? முட்டாள்தனம்னு நினைச்சேன். உண்மையில அது ஒரு கணக்கு. பால் நேஷன்னு ஒரு ஆய்வாளர், ரெண்டாம் மொழியில சொற்களைக் கத்துக்கறதைப் பத்தி நிறைய வேலை பண்ணவர். ஒரு நாவலை யார் உதவியும் இல்லாம வாசிச்சுப் புரிஞ்சுக்கணும்னா, அதுல இருக்கற சொற்கள்ல 98 சதவீதம் தெரிஞ்சிருக்கணும்னு அவரோட கணக்கு. அதாவது 50 சொல்லுக்கு ஒண்ணு மட்டும் தெரியாததா இருக்கலாம். அந்த நிலைக்கு வர 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவைன்னு 2006ல எழுதினார். சொற்குடும்பம்னா ஒரு வேர்ச்சொல்லும் அதுல இருந்து கிளைக்கறதும் சேர்த்து ஒண்ணு. எனக்கு அப்போ அஞ்சு சொல்லுக்கு ஒண்ணு தெரியாது. ஒரு வரிக்கு ரெண்டு தடவை லிஃப்கோ அகராதியைப் புரட்டினா, வரியோட முடிவுக்கு வர்றதுக்குள்ள தொடக்கம் மறந்துடும். அது மூளைக் கோளாறு இல்ல, யாருக்கு இருந்தாலும் அப்படித்தான்.

அந்தக் கணக்கு தெரியாததால நான் எல்லாரும் பண்றதைப் பண்ணேன். நோட்ஸ். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில கிடைக்கிற கைடு. கேள்வி இதுன்னா பதில் இது. மூலத்தைத் தொடவே இல்ல. சாசரோட 'கேன்டர்பரி டேல்ஸ்' முகவுரைக்கு, வசந்தத்தின் அழகைக் கவிஞர் வருணிக்கிறார்னு ஆரம்பிச்சு ஒன்றரைப் பக்கம் மனப்பாடம். எந்த வசந்தம், எந்த அழகு, எதுவும் தெரியாது. அதுலயும் ஒரு பத்தி மறந்துட்டா மொத்த பதிலும் போச்சு. முதல் செமஸ்டர்ல மூணு அரியர்.

இங்க ஒரு சின்ன வரலாறு சொல்லணும். இந்தப் பாடம் நம்ம ஊருக்கு எப்படி வந்துச்சுன்னு. 1835ல மெக்காலே குறிப்பு, அது எல்லாருக்கும் தெரியும். சென்னைப் பல்கலைக்கழகம் 1857ல வந்தது. தொடக்கத்துல இருந்தே இங்கிலீஷ் பாடம் அதுல இருந்தது. ஆனா ஆக்ஸ்ஃபோர்டுல ஆங்கில இலக்கியம் தனிப் பட்டப் படிப்பா வந்தது 1894லதான். கேம்பிரிட்ஜ்ல 1917. லண்டன்ல அதுக்கு முன்னாடி 1828லயே ஒரு பேராசிரியர் பதவி இருந்தது, அதையும் சொல்லிடறேன். கௌரி விஸ்வநாதன் 1989ல எழுதின 'மாஸ்க்ஸ் ஆஃப் கான்க்வெஸ்ட்' புத்தகம் இதைத்தான் பேசுது: ஆங்கில இலக்கியம் ஒரு பாடமா உருவாகி வளர்ந்ததுல இந்தியாவுக்குப் பெரிய பங்கு இருக்கு, ஆள்றவங்க தங்களை உயர்வாக் காட்டிக்க அதை இங்க பயன்படுத்தினாங்கன்னு. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ற பழக்கமும் அந்தக் காலத்துலயே நம்ம கல்லூரிகள்ல வேர் விட்டாச்சு. நானும் என் அரியரும் ரொம்பப் பழைய வரிசையில கடைசியா நின்னோம்னு வச்சுக்கோங்க.

ரெண்டாவது செமஸ்டர் ஸ்டடி ஹாலிடே, ஏப்ரல். திரும்பி வர்றதில்லைன்னு முடிவு பண்ணித்தான் பெட்டியோட மலையேறினேன். வீட்ல சொல்லல. அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒரு வாரம் திண்ணையிலயே உட்கார்ந்திருந்தேன்.

காப்பிச் செடி எப்படிப் பூக்கும்னு தெரியுமா உங்களுக்கு? தை, மாசியில மொட்டு வந்து நின்னுடும். பங்குனி வறட்சியில அப்படியே தூங்கும். அந்த வறட்சி வேணும். அது இல்லைன்னா ஒழுங்கா பூக்காது. அப்புறம் ஒரு நல்ல மழை பெய்யணும். மழை வேரை நனைச்ச எட்டு, பத்து நாள்ல தோட்டம் மொத்தமும் ஒரே நேரத்துல வெடிக்கும். வெள்ளைப் பூ, கிட்டத்தட்ட மல்லிகை வாசம், ரெண்டு மூணு நாள் இருக்கும், கொட்டிடும். பூ மழைன்னே அந்த மழைக்குப் பேர்.

நான் மலையேறறதுக்கு முன்னாடி வாரம் மழை பெஞ்சிருந்தது. ஒரு நாள் காலையில எழுந்தா வீட்டுக்குப் பின்னாடி எல்லாம் வெள்ளை. பொழுது போகாம சாசரை எடுத்தேன். நோட்ஸ் கையில இல்ல, ஹாஸ்டல்லயே விட்டுட்டேன். புத்தகத்துல ஒரு பக்கம் பழைய இங்கிலீஷ், எதிர்ப் பக்கம் இப்போதைய இங்கிலீஷ். முதல் சில வரியை அகராதியோட ஒவ்வொரு சொல்லா பிரிச்சேன். ஏப்ரல்னு இருக்கு. மழைன்னு இருக்கு. மார்ச் மாச வறட்சியோட வேர் வரைக்கும் அந்த மழை இறங்குதுன்னு இருக்கு. அதனால பூ பூக்குதுன்னு இருக்கு.

நிமிர்ந்து தோட்டத்தைப் பார்த்தேன்.

இதை ஏதோ ஞானோதயம் மாதிரி சொல்ல எனக்கு விருப்பம் இல்ல. எனக்கு முதல்ல வந்தது கோவம். இவ்வளவுதானா? இதுக்கா ஒன்றரைப் பக்கம் மனப்பாடம் பண்ணேன்? எங்கப்பாவுக்குத் தெரிஞ்ச விஷயம்தானே இது. 14ஆம் நூற்றாண்டு கடைசியில லண்டன்ல ஒருத்தர் எழுதினதை எடப்புளி நாட்டுல அடிச்சு விளக்கம் சொல்ல எங்கப்பா போதும். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, அவ்வளவுதான். அடுத்த வரியில ஜனங்க யாத்திரை கிளம்பறாங்க. சுமார் 30 பேர், ஒரு சத்திரத்துல கூடி, கேன்டர்பரி கோவிலுக்கு. போற வழியில அலுப்பு தெரியாம இருக்க ஆளுக்கு ஆள் கதை சொல்றாங்க. ஆடி பதினெட்டுக்கு அறப்பளீஸ்வரர் கோவிலுக்கு வர்ற கூட்டத்தைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இதுல என்ன புரியாம போகும்? அந்தக் கூட்டத்துலயும் ஒரு பெரிய மனுஷன் இருப்பார், ஒரு ஏமாத்துக்காரன் இருப்பான், அஞ்சு கல்யாணம் பண்ண ஆத்தா ஒருத்தி இல்லாட்டியும் அந்த அளவுக்கு வாய் இருக்கற ஆத்தா நிச்சயம் இருப்பா.

கீழே வகுப்புல இருந்த மத்தவங்களுக்கு ஏப்ரல்னா கத்திரி வெயிலுக்கு முன்னோட்டம், பரீட்சை, தண்ணி லாரி. இளவேனில்னு சித்திரை, வைகாசிக்கு நம்ம ஆட்கள் பேர் வச்சிருந்தாலும் சமவெளியில அதுல இளமை எதுவும் இல்ல. அதனாலதான் ஷேக்ஸ்பியர் தன் அன்புக்குரியவரைக் கோடைக்கால நாளோட ஒப்பிட யோசிக்கிற அந்தப் புகழ்பெற்ற சானெட் நம்ம வகுப்புகள்ல சிரிப்பு வரவழைக்கும். சேலம் கோடை நாளோட ஒப்பிட்டா யார் காதலிப்பா?

மூணாவது வருஷம் டி.எஸ். எலியட்டோட 'தி வேஸ்ட் லேண்ட்' வந்தது, 1922ல வெளியானது. அது முதல் வரியிலேயே ஏப்ரலைத் திட்டும், கொடுமையான மாசம்னு. வகுப்பே தலையாட்டிச்சு. ஆமா, வெயில் கொடுமைதான்! எனக்கு மட்டும் இடிச்சது. அவர் சொல்றது வெயில் இல்ல. செத்தது மாதிரி கிடந்த மண்ணை மழை வந்து எழுப்புது. மறந்து நிம்மதியா இருந்ததை மறுபடி ஞாபகப்படுத்துது. அந்த எழுப்பல்தான் கொடுமை. சாசர் அதே ஏப்ரலை, அதே மழையைக் கொண்டாடினார். 500 வருஷத்துக்கப்புறம், முதல் உலகப் போர் முடிஞ்ச கையோட, எலியட் அதைத் திருப்பிப் போடறார். சாசர் தெரியாம எலியட்டோட அந்த வரி பாதிதான் புரியும். ரெண்டுக்கும் நடுவுல காப்பித் தோட்டத்துத் திண்ணையில நான் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன். பூக்கற செடியைப் பார்த்துக்கிட்டே, படிப்பை விடறேன்னு சொல்ல வாய் வராம இருந்த அந்த வாரம். ஏப்ரல் ஏன் கொடுமைன்னு எனக்கு நல்லாவே தெரிஞ்சது.

அப்பாகிட்ட அந்த வாரம் நான் எதையும் சொல்லல. பெட்டியை எடுத்துக்கிட்டு கீழே இறங்கிட்டேன். அரியர் எல்லாம் ஒரே தடவையில போகல, அதையும் சொல்லிடறேன். ஒரு பேப்பர் நாலாவது தடவைதான் பாஸ் ஆனேன்.

எல்லாம் இப்படி ஊரோட பொருந்தாது. பொருந்துதுன்னு நம்பி ஏமாந்ததும் உண்டு. யாப்பு அப்படித்தான். பகுதி ஒண்ணு தமிழ்ல நேர், நிரை, சீர், தளை எல்லாம் நல்லா வரும் எனக்கு. அதனால 'ஐயாம்பிக் பென்டாமீட்டர்'னு வந்தப்போ, குறில் நெடில் வச்சு அலகிட ஆரம்பிச்சேன். ஒண்ணும் ஒட்டல. ஏன்னா நம்ம யாப்பு ஓசையோட நீளத்தை எண்ணுது. இங்கிலீஷ் யாப்பு எண்றது அழுத்தத்தை. நமக்கு அழுத்தம் அர்த்தத்தை மாத்தாது. இங்கிலீஷ்ல மாத்தும். 'ரெக்கார்ட்'னு முதல் அசையை அழுத்தினா பெயர்ச்சொல், பாட்டு ரெக்கார்ட். பின் அசையை அழுத்தினா வினைச்சொல், பதிவு பண்றது. ஒரே எழுத்துதான். இது காதுக்கு ஏறாம ஷேக்ஸ்பியர் வரியோட தாளம் கண்ணால பார்த்துப் பிடிபடாது. நான் பண்ணது: லிப்ரிவாக்ஸ்னு ஒரு தளம், தன்னார்வலர்கள் காப்புரிமை முடிஞ்ச புத்தகங்களை வாசிச்சு இலவசமா போடறாங்க, 2005ல இருந்து. அதைக் காதுல மாட்டிக்கிட்டு, புத்தகத்துல அழுத்தம் விழற இடத்துல எல்லாம் பென்சிலால புள்ளி வச்சேன். மூணு மாசம். அதுக்கப்புறம் என் பேச்சும் மாறிச்சு, அது நான் எதிர்பார்க்காதது.

கீட்ஸ் வந்தப்போ மறுபடி ஊருக்கு வந்துட்டேன். 1819ல அவர் எழுதின ஒரு பாட்டு, 'லா பெல் டேம் சான்ஸ் மெர்சி'. இரக்கமில்லாத அழகிய பெண்ணுன்னு அர்த்தம். ஒரு வீரன் மலைச்சரிவுல தனியா வெளிறிப் போய்க் கிடக்கான். ஒரு அழகி மயக்கி, கூட்டிப் போய், கைவிட்டுட்டா. பேராசிரியை, "இந்த மாதிரி வேற எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?"ன்னு கேட்டாங்க. கிரேக்க சைரன்கள்னு பதில் வரும்னு எதிர்பார்த்திருப்பாங்க. நான் கை தூக்கினேன். ஒண்ணரை வருஷத்துல முதல் தடவை.

"கொல்லிப்பாவை மேடம்."

மலைமேல தெய்வம் செஞ்சு வச்ச பாவை. பார்க்கறவங்களைச் சிரிச்சே மயக்கி அழிக்கும்னு கதை. குறுந்தொகையிலும் நற்றிணையிலும் தலைவியோட அழகுக்கு அவளைத்தான் உவமை சொல்றாங்க. கீட்ஸுக்குப் பல நூற்றாண்டு மூத்தவ. மேடம் சாக்பீஸைக் கீழே வச்சிட்டு, "வா, வந்து இங்க நின்னு சொல்லு"ன்னாங்க. தமிழும் இங்கிலீஷும் கலந்து கால் மணி நேரம் பேசினேன். யாரும் சிரிக்கல.

அவங்கதான் லைப்ரரியில இருந்து ஏ.கே. ராமானுஜனை எடுத்துக் குடுத்தாங்க. மைசூர்ல இங்கிலீஷ் இலக்கியம் படிச்சவர், வாத்தியாரா இருந்தவர், அப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் போனார். அங்கதான் சங்கப் பாட்டைக் கண்டெடுத்து, 1967ல குறுந்தொகைப் பாடல்களை 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்'னு இங்கிலீஷ்ல கொண்டுவந்தார். உள்ளுக்குள் இருக்கற நிலப்பரப்பு. தலைப்பிலேயே திணையை விளக்கிட்டார் பாருங்க. அப்புறம் 1999ல ஜார்ஜ் ஹார்ட்டும் ஹேங்க் ஹைஃபெட்ஸும் புறநானூறு முழுசையும் மொழிபெயர்த்தாங்க. அதுல 152ஆம் பாட்டைத் தேடிப் போனேன். வன்பரணர், வல்வில் ஓரியைப் பத்திப் பாடினது. ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்புன்னு அஞ்சையும் துளைச்சுப் போற பாட்டு. செம்மேட்டுல ஓரிக்குச் சிலை இருக்கு, நாங்க அது பக்கத்துல பஸ்ஸுக்கு நிப்போம். அந்த ஆள் இங்கிலீஷ்ல, அமெரிக்காவுல அச்சான புத்தகத்துல. இங்கிலீஷ் தெரியணும்னு எனக்கு வெறி வந்தது அன்னைக்குத்தான். அங்க இருக்கறது இங்க வர்றதுக்கு மட்டும் இல்ல, இங்க இருக்கறது அங்க போறதுக்கும் அதுதான் ரோடு.

இங்க ஒரு இடைச்செருகல். ஆர்.கே. நாராயணோட 'ஆர்' என்ன தெரியுமா? ராசிபுரம். எங்க மலைக்கு அடிவாரத்து ஊர். அவர் வளர்ந்தது சென்னையிலும் மைசூர்லயும்தான், ஆனா பேர்ல ராசிபுரத்தைச் சுமந்துக்கிட்டுத்தான் உலகம் பூரா போனார். அவரும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுல தோத்து ஒரு வருஷம் வீட்ல உட்கார்ந்து படிச்சவர்தான். மூணு வருஷத்து பி.ஏ.வை நாலு வருஷத்துல முடிச்சு 1930ல பட்டம் வாங்கினார். அரியர் வச்சிருக்கற எல்லாரும் நோட் பண்ணிக்கோங்க.

இப்ப நான் ரொம்ப நாளா பேசணும்னு நினைச்ச இடம். ரெண்டு பேர், பேர்ல ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். தர்ஸ்டன், ஹர்ஸ்டன்.

எட்கர் தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்தோட கண்காணிப்பாளரா 1885ல இருந்து 1908 வரைக்கும் இருந்தவர். கே. ரங்காச்சாரியோட சேர்ந்து 1909ல ஏழு தொகுதியா தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பத்தி ஒரு புத்தகம் போட்டார். நாலாவது தொகுதியில நாங்க இருக்கோம். எம்.ஏ. படிக்கறப்போ அதை எடுத்து வாசிச்சேன். என்ன உடுத்தறாங்க, எப்படிக் கல்யாணம் பண்றாங்க, எந்தச் சாமி கும்பிடறாங்கன்னு இருக்கு. தர்ஸ்டன் தலை, மூக்கு எல்லாம் கருவி வச்சு அளக்கறதுல பேர் போனவர். அதுல பயனுள்ள தகவலும் இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா வாசிக்க வாசிக்க ஒரு மாதிரி ஆச்சு. எங்க அப்பாயியோட அப்பாயி அந்தக் காலத்துல உயிரோட இருந்திருப்பாங்க. அவங்க பேசின ஒரு வார்த்தை அதுல இல்ல. அவங்களைப் பத்தி மட்டும்தான் இருக்கு. இவங்க யாரும் இதை என்னைக்கும் வாசிக்க மாட்டாங்கன்னு நம்பி எழுதின இங்கிலீஷ் அது.

அதே வருஷம் அமெரிக்க இலக்கியப் பேப்பர்ல சோரா நீல் ஹர்ஸ்டன் வந்தாங்க. ஃபுளோரிடாவுல ஈட்டன்வில்லுன்னு, கறுப்பின மக்களே சேர்ந்து 1887ல அமைச்ச ஊர். அங்க வளர்ந்தவங்க. நியூயார்க்ல பார்னார்டு கல்லூரியில ஃபிரான்ஸ் போவாஸ்கிட்ட மானுடவியல் படிச்சு 1928ல பட்டம். படிச்சிட்டு என்ன பண்ணாங்க? ஊருக்கே திரும்பிப் போய், கடைத் திண்ணையில உட்கார்ந்து கதை கேட்டாங்க. 1935ல அது 'மியூல்ஸ் அண்ட் மென்'னு புத்தகமா வந்தது. சொந்த ஊரை உடம்போட ஒட்டின துணி மாதிரி போட்டுக்கிட்டு இருந்தவரைக்கும் அதைப் பார்க்க முடியல, தூரப் போய்ப் படிச்ச படிப்பு ஒரு தொலைநோக்கி மாதிரி உதவிச்சுன்னு அதுல சொல்றாங்க. அந்த ஊர்க்காரங்க கதையைப் 'பொய்'னுதான் சொல்லுவாங்களாம். வா, பொய் சொல்லலாம்னு கூப்பிடுவாங்க. நம்ம ஊர்ல "சும்மா கதை விடாத"ன்னு சொல்றோமே, அதேதான்.

1937ல வந்த நாவல் 'தெயர் ஐஸ் வேர் வாட்சிங் காட்'. அதுல பாத்திரங்கள் பேசறது பாடப்புத்தக இங்கிலீஷ் இல்ல, அவங்க ஊர் இங்கிலீஷ். எனக்கு இன்னொரு கஷ்டம்னு முதல்ல நினைச்சேன். கிராமர் எல்லாம் உடையுதே. சத்தமா வாசிச்சப்போ சரியாச்சு. எழுத்து காதுக்கு எழுதப்பட்டிருக்கு. இஸ்கூல்னு சொன்னவளுக்கு அது என்னவா இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஹர்ஸ்டன் 1960ல வறுமையில இறந்தாங்க, கல்லறையில பேர்கூட இல்லாம. 1973ல ஆலிஸ் வாக்கர் தேடிப் போய்க் கல் நட்டாங்க.

அந்த லீவுல ஊருக்குப் போய் அப்பாயிகிட்ட போனை ஆன் பண்ணி வச்சு, கதை சொல்லச் சொன்னேன். ஆராய்ச்சி, சர்வேன்னு வர்றவங்ககிட்ட அப்பாயி சிரிச்சுக்கிட்டே ஏதாவது சொல்லி அனுப்பிடும். என்கிட்டயும் முதல்ல அப்படித்தான். "எதுக்குடி இதெல்லாம், யாரு கேப்பா?" நாலாவது நாள் சாமை புடைச்சுக்கிட்டே தானா ஆரம்பிச்சுது. பதினோரு மணி நேரம் பதிவு இருக்கு இப்போ. பாதியைத்தான் இங்கிலீஷ்ல கொண்டுவந்திருக்கேன். சில சொல்லுக்குத் தமிழ் அகராதியிலயே இடம் இல்ல, இங்கிலீஷுக்கு எங்க போறது? அப்பாயி போன வருஷம் தவறிடுச்சு. கேக்கறதுக்கு ஆள் இல்ல.

சரி. வேலை? நேர்மையா சொல்லணும், ஏன்னா அந்தப் பொண்ணோட வீட்ல கேக்கப் போற கேள்வி அதுதான். பி.ஏ. மட்டும் வச்சு பெருசா ஒண்ணும் இல்ல. பி.எட். சேர்த்தா பள்ளிக்கூடம், ஆனா டி.ஆர்.பி. தேர்வுக்காகக் காத்திருக்கணும். எம்.ஏ., நெட் முடிச்சா கல்லூரி, அங்கயும் வரிசை நீளம். நான் சப்டைட்டில், மொழிபெயர்ப்புன்னு பிழைக்கறேன், மாசா மாசம் ஒரே மாதிரி வராது. நர்சிங் படிச்சா சீக்கிரம் சம்பளம் வரும், அது பொய் இல்ல. மலையில நர்ஸ் வேணும்கறதும் பொய் இல்ல.

போன்ல திரும்பக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன், இவ்வளவு நீளமா இல்ல. புரியுமான்னு கேட்டியே, முதல் வருஷம் புரியாது, ரெண்டாவது வருஷம் கொஞ்சம், நோட்ஸை மட்டும் நம்பினா எப்பவுமே புரியாதுன்னேன். எடுத்தா இந்த லீவுலயே ஆரம்பிக்கச் சொன்னேன்: சின்னப் பிள்ளைங்களுக்காகச் சுருக்கி எழுதின ஷேக்ஸ்பியர், ஆர்.கே. நாராயணோட மால்குடிக் கதைகள், ஒரு நாளைக்கு நாலு பக்கம், முதல் வாசிப்புல அகராதியைத் தொடாம. வெட்கப்பட ஒண்ணும் இல்ல, நானும் பி.ஏ. முடிக்கறப்போ அதைத்தான் வாசிச்சுக்கிட்டு இருந்தேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் கேட்டா, "அக்கா, அப்பாயி சொன்ன பதிவு உங்ககிட்ட இருக்குல்ல, அதை எனக்கு அனுப்புவீங்களா? அந்தத் தெரியாத வார்த்தையெல்லாம் எங்க அம்மாயிகிட்ட கேட்டுப் பாக்கறேன்."

பாரத்துல என்ன எழுதினான்னு இதைப் பதிவு பண்ற வரைக்கும் எனக்குத் தெரியாது. நாளைக்குத்தான் வெள்ளிக்கிழமை. பதிவு முழுசையும் நேத்தே அனுப்பிட்டேன். எடப்புளி நாட்டு சிக்னலுக்கு டவுன்லோட் ஆக ரெண்டு நாள் ஆகும்.